கண்ணாடி விரியன் நஞ்சிலிருந்து புரதம் பிரித்தல்: கோளாறுகளை அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

கண்ணாடி விரியன் நஞ்சிலிருந்து, கொழுப்பு மூலக்கூறுகளை வெட்டும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியையும், இரத்த உறைவின் பத்தாம் காரணியைத் தூண்டும் புரதத்தையும் பிரித்தெடுக்கும் வேலையை எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் தொடங்குகிறார்கள். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே கோளாறுகளோடு என் மேசை முன் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன். கோட்பாடு இதில் இல்லை. உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய், செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான நேரங்களில் பழுது விலைக்கு வாங்கிய கருவியில் இருப்பதில்லை, நாம் கலக்கிய கரைசலில்தான் இருக்கிறது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது.

எந்தக் கோளாறையும் ஆராய இரண்டு பொருள்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, தொகுதி எண் எழுதிய, ஒருபோதும் தொடாத மூல நஞ்சின் சிறு பங்கு. இரண்டாவது, ஒவ்வொரு படியின் முடிவிலும் எடுத்து வைத்த 50 மைக்ரோலிட்டர் மாதிரி. இவை இல்லாமல் வருபவரிடம் நான் கேட்கும் கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருப்பதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுதான் வழியாகிறது.

## கையில் குத்திவிட்டது, கண்ணில் தெறித்துவிட்டது, குப்பியைத் திறந்தாலே தும்மல் வருகிறது

இந்த அறிகுறிக்கு மட்டும் படிப்படியான சோதனை கிடையாது. ஊசியோ உடைந்த கண்ணாடியோ நஞ்சுடன் தோலைக் கிழித்தால், கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், அந்தக் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, பாம்பின் இனம் எழுதிய துண்டுச் சீட்டோடு நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராக மட்டுமே தயாரிக்கப்படுகிறது. ஆகவே வெளிநாட்டு இனத்தின் நஞ்சை வாங்கி வைத்திருப்பவர், அதை முறிக்கும் மருந்து எங்கே கிடைக்கும் என்பதைக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

தும்மலையும் கண் அரிப்பையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. உறைஉலர்த்திய நஞ்சு மிக நுண்ணிய தூள். மூடியைத் திறக்கும்போதே பறக்கும். பல ஆண்டுகள் அதைச் சுவாசித்தவருக்கு ஒவ்வாமை உருவாகி, ஒருநாள் மூச்சுத் திணறலாக வெளிப்படலாம். தும்மல் தொடங்கிய அன்றே அவரை அந்த வேலையிலிருந்து விலக்கி, ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்றவர்கள் காற்றுறிஞ்சும் பெட்டிக்குள், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குப்பியின் ரப்பர் மூடி வழியாகவே கரைசலைச் செலுத்திக் கரைக்கப் பழக வேண்டும்.

## கரைத்த நஞ்சு கலங்கலாக நிற்கிறது

முதலில் எதில் கரைத்தீர்கள் என்று பாருங்கள். வெறும் நீரில் கரைத்திருந்தால் சில புரதங்கள் கரையாமல் நிற்பது இயல்பே, 0.15 மோலார் சோடியம் குளோரைடு சேர்ந்த தாங்கல் கரைசலில் (பி.எச்.ஐ நிலையாக வைத்திருக்கும் கரைசல்) இன்னொரு சிறு பங்கைக் கரைத்து, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். உப்பில் தெளிந்தால் அதுவே விடை.

உப்பிலும் கலங்கல் தெளியவில்லையென்றால், நஞ்செடுக்கும்போது கலந்த செல் சிதைவுகளும் சளியும் காரணமாக இருக்கலாம். குளிர்நிலையில் 10,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் வெண்ணிறமாகச் சிறு படிவு தங்கி மேல்நீர் தெளிந்தால், மேல்நீரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். படிவை எறிந்துவிடாமல் அதன் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்த தொகுதியில் அது இரு மடங்காக வந்தால் நஞ்சின் தரத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும்.

சுழற்றித் தெளிந்த கரைசல் குளிர் அறையில் ஓர் இரவு கழித்து மறுபடி கலங்கினால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. பாஸ்பேட் தாங்கலில் கால்சியம் சேர்த்திருந்தால் கால்சியம் பாஸ்பேட் படிந்திருக்கும். அதைப் புரதம் என்று நினைத்து அளந்துகொண்டிருப்போம். அப்படி எதுவும் சேர்க்கவில்லையென்றால், நஞ்சில் உள்ள, உலோகத்தைத் தாங்கிப் புரதங்களை வெட்டும் மெட்டலோபுரோட்டியேஸ் நொதிகள் தம்மையும் அண்டைப் புரதங்களையும் வெட்டத் தொடங்கியிருக்கலாம். கரைத்த நஞ்சு வைத்துக்கொள்ளும் பொருள் அன்று. கரைத்த அன்றே முதற் பிரிப்புக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் பொருந்தாமல், தூளே பிசுபிசுப்பாகவும் பழுப்பாகவும் இருந்தால், ஈரம் ஏறிய நஞ்சு உங்களிடம் வந்திருக்கிறது. வழங்கியவரிடம் தொகுதி எண்ணைச் சொல்லிக் கேட்பதுதான் அடுத்த படி. இந்தியாவில் நஞ்சுமுறி தயாரிப்புக்கான நஞ்சின் பெரும்பகுதியை வழங்கி வருவது மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தில், பிடித்த பாம்புகளை மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து வருவது பல பாம்புகளின் நஞ்சு கலந்த தொகுதி. தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு இருப்பது இயற்கைதான். அதைக் கெட்டுப்போனதற்கான அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை.

## பிரிகுழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

பிரிகுழாய் என்பது ரெசின் மணிகள் நிரப்பிய குழாய். அதன் வழியே கரைசலை ஓட்டும்போது புரதங்கள் பிரிந்து வரும், வெளிமுனையில் உள்ள உணரி அவற்றை முகடுகளாக வரையும். ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். நேற்று வெளியறையில் ஓட்டியதை இன்று குளிர் அறையில் அதே வேகத்தில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். குளிர்ந்த கரைசல் தடிமனாகும், அழுத்தம் தானாகவே ஏறும். வெளியறை வெப்பநிலையில் அதே வேகத்தில் ஓட்டும்போது அழுத்தம் பழைய அளவுக்கு இறங்கினால் அடைப்பு எதுவும் இல்லை என்று கொள்ளலாம்.

அடைப்புதான் என்று தோன்றினால், அது எங்கே என்பதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. உணரியின் வெளிமுனையிலிருந்து தொடங்கி, பம்பை நோக்கிப் பின்னோக்கி வந்தபடி, ஒவ்வோர் இணைப்பு மரையாகக் கழற்றிப் பாருங்கள். எந்த மரையைக் கழற்றியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறதோ, அந்த மரைக்கு அடுத்து, உணரிப் பக்கம் இருந்த துண்டில்தான் அடைப்பு இருக்கிறது. பத்துக்கு ஏழு முறை பிரிகுழாய்க்கு முன்னால் உள்ள சிறு வடிகட்டியில்தான் அது இருக்கக் கண்டிருக்கிறேன். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தாமல் நஞ்சை நேராக ஏற்றியவர்களே இதில் மாட்டிக்கொள்வார்கள்.

அடைப்பு பிரிகுழாயிலேயே இருந்தால், உற்பத்தியாளர் தந்த தாளைப் படித்து, திசைமாற்றி ஓட்ட அனுமதி இருந்தால் மட்டும் குறைந்த வேகத்தில் திசைமாற்றிக் கழுவுங்கள். அந்த ரெசினுக்கு ஏற்ற செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு கழுவலும் தாளிலேயே குறிக்கப்பட்டிருக்கும். சிலிக்கா அடிப்படையிலான சி18 பிரிகுழாய்க்கு (நீரை விலக்கும் மேற்பரப்பில் புரதங்களைப் பிடித்துப் பிரிக்கும் வகை) காரம் ஆகாது. இந்த ஒரு தவறால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிரிகுழாய் வீணாயிற்று. கழுவியும் அழுத்தம் இறங்கவில்லையென்றால் பிரிகுழாயை மாற்ற வேண்டியதுதான். பிரிகுழாயைக் கழற்றிவிட்டு வெறும் இணைப்பில் ஓட்டியபோதும் அழுத்தம் ஏறினால், அல்லது பம்பில் தட்தட்டென்று ஓசை கேட்டால், சர்வீஸ் இன்ஜினியரை அழையுங்கள். பம்பின் தலையை நாமாகத் திறப்பது செலவைக் கூட்டும்.

## முகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றன, அல்லது நாளுக்கு நாள் இடம் மாறுகின்றன

அளவு அடிப்படையில் பிரிக்கும் பிரிகுழாயில் முகடுகள் ஒட்டினால், எவ்வளவு கன அளவு ஏற்றினீர்கள் என்பதே முதற் கேள்வி. 24 மில்லிலிட்டர் கொள்ளும் பிரிகுழாயில் அரை மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றினால் எந்த ரெசினும் பிரித்துத் தராது. மாதிரியைச் செறிவாக்கிக் குறைந்த கன அளவில் ஏற்றுங்கள். இரண்டாவது கேள்வி உப்பைப் பற்றியது. எதிர்பார்த்த கன அளவையும் தாண்டி, மொத்தக் கொள்ளளவுக்குப் பிறகு ஒரு முகடு வால் இழுத்துக்கொண்டு வருமானால், காரத்தன்மையுள்ள நஞ்சுப் புரதம் ரெசினில் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். உப்பை 0.15 மோலாரிலிருந்து 0.3 ஆக்கிப் பாருங்கள். வால் சுருங்கினால் காரணம் அதுதான்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் 14 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகே ஒரே தடித்த முகடு நின்றால், கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. கண்ணாடி விரியன் நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 ஒன்றல்ல. ஏறக்குறைய ஒரே எடையுள்ள பல வடிவங்கள் உள்ளன. எடையால் பிரிக்க முடியாதவற்றை மின்னூட்டத்தால்தான் பிரிக்க வேண்டும். அந்த முகட்டைச் சேகரித்து அயனிப் பரிமாற்றப் பிரிகுழாய்க்குக் கொண்டு செல்லுங்கள்.

அயனிப் பரிமாற்றத்தில் முகடு நாளுக்கு நாள் இடம் மாறினால், டிரிஸ் தாங்கலை எந்த வெப்பநிலையில் பி.எச். பார்த்தீர்கள் என்று கேட்பேன். டிரிஸின் பி.எச். ஒவ்வொரு டிகிரி குளிர்ச்சிக்கும் சுமார் 0.03 கூடும். 25 டிகிரியில் 8.0 என்று பார்த்து வைத்த கரைசல் 4 டிகிரி குளிர் அறையில் 8.6ஐ எட்டிவிடும். வெளியறையில் ஓட்டிய முடிவையும் குளிர் அறையில் ஓட்டிய முடிவையும் அருகருகே வைத்து, "நஞ்சு மாறிவிட்டது" என்று எழுதிய ஆய்வறிக்கை வரைவு ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். தாங்கலை ஓட்டும் வெப்பநிலையிலேயே பி.எச். பாருங்கள்.

நஞ்சு உண்மையிலேயே மாறியிருக்கவும் கூடும். கண்ணாடி விரியனின் நஞ்சு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரியும். இலங்கையில் இப்பாம்பு கடித்தவர்களுக்கு இரத்தம் உறையாமையோடு இமை தொங்குதல் போன்ற நரம்பு அறிகுறிகளும் அடிக்கடி காணப்படுகின்றன. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன், பழைய தொகுதியையும் புதிய தொகுதியையும் ஒரே நாளில், ஒரே தாங்கலில், ஒரே பிரிகுழாயில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

## அடிக்கோடு ஆடுகிறது

கரைசலில் காற்று இருக்கிறது, வாயு நீக்குங்கள். ஆட்டம் ஒரே சீராகத் துடித்தால் பம்பின் வால்வு, மெதுவாக ஒரே பக்கம் நகர்ந்தால் விளக்கு அல்லது பழைய டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம். விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதைக் கருவியே காட்டும். மாற்ற வேண்டிய மணிநேரம் கடந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

## முகடு அழகாக இருக்கிறது, செயல் மட்டும் இல்லை

மாணவர்களை அதிகம் கலங்கடிப்பது இதுதான். ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

முதலில் செயற்சோதனையே வேலை செய்கிறதா என்று பாருங்கள். தொடாமல் வைத்த மூல நஞ்சை அதே சோதனையில், அதே நாளில் போடுங்கள். அதுவும் செயல் காட்டவில்லையென்றால் உங்கள் புரதத்துக்கு ஒன்றுமில்லை, சோதனைக் கரைசல்தான் கெட்டிருக்கிறது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு இரண்டு மாதம் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூல நஞ்சு செயல் காட்டினால், அடுத்தது கால்சியம். பாஸ்போலிப்பேஸ் ஏ2க்குக் கால்சியம் இல்லாமல் செயல் இல்லை. பத்தாம் காரணியைத் தூண்டும் புரதத்துக்கும் அது தேவை. புரதச் சிதைவைத் தடுக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு யாரோ தாங்கலில் ஈடிடிஏ சேர்த்திருப்பார்கள். அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும், மெட்டலோபுரோட்டியேஸின் துத்தநாகத்தையும் பறித்துவிடும். ஈடிடிஏ இல்லாத தாங்கலுக்கு மாற்றி, கால்சியம் குளோரைடு சேர்த்துச் சோதியுங்கள். பாஸ்போலிப்பேஸ் பெரும்பாலும் திரும்பிவிடும். துத்தநாகத்தை இழந்த நொதி திரும்பும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கால்சியமும் சரியாக இருந்தால், அந்தப் புரதம் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். சி18 பிரிகுழாயில் 0.1 விழுக்காடு டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலத்திலும் அசிட்டோநைட்ரைலிலும் ஓட்டியிருந்தால், கிளை இரண்டாகப் பிரிகிறது. பாஸ்போலிப்பேஸ் ஏ2, நல்ல பாம்பின் மூவிரல் நச்சுகள் போன்ற சிறிய புரதங்களைப் பல டைசல்பைடு பிணைப்புகள் இறுகக் கட்டிவைத்திருக்கின்றன. அவை இந்த அமிலக் குளியலைத் தாங்கி, தாங்கலுக்குத் திரும்பியதும் பெரும்பாலும் செயலை மீட்டுக்கொள்ளும். பெரிய, பல சங்கிலிகள் கொண்ட, உலோகத்தைச் சுமக்கும் நொதிகள் தாங்காது. அவற்றுக்குச் செயல் வேண்டுமென்றால் சி18 பக்கமே போகாமல் அளவுப் பிரிப்பு, அயனிப் பரிமாற்றம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சி18 முடிவை எடை பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் நிற ஃபிராக்‌ஷன் (பிரிகுழாயிலிருந்து தனிக் குழாயில் சேகரித்த பங்கு) செயலிழந்தால் அது தனிக்கதை. நஞ்சின் மஞ்சள் நிறம் எல்-அமினோ அமில ஆக்சிடேஸ் என்னும் நொதியோடு பிணைந்த ஃபிளேவின் மூலக்கூறால் வருவது. அந்த நொதி எந்தக் குழாயில் இறங்குகிறது என்பதை உணரி இல்லாமலே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இதைக் கரைசலாக உறையவைத்தால் செயல் குறைவது கிலுகிலுப்பை விரியன் நஞ்சில் வெகு காலத்துக்கு முன்பே கண்டறியப்பட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று உறைபெட்டியில் வைத்ததே பழுதுக்குக் காரணமாகிவிடும். ஒரு பங்கை 4 டிகிரியிலும் ஒரு பங்கை உறைபெட்டியிலும் வைத்து, மறுநாள் இரண்டையும் அளந்து பாருங்கள்.

இன்னும் இரண்டு காரணங்கள் உள்ளன. மில்லிலிட்டருக்கு 0.1 மி.கி.க்கும் கீழே நீர்த்த தூய புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டே தீர்ந்துவிடும். ஒட்டா வகை டியூப்பில் வைத்தோ, செயற்சோதனைக்கான பங்கில் மட்டும் சிறிது ஆல்புமின் சேர்த்தோ பாருங்கள். கடைசியாக, உங்கள் புரதம் தனியாக வேலை செய்யாத வகையாக இருக்கலாம். தென் அமெரிக்கக் கிலுகிலுப்பை விரியனின் குரோட்டாக்சின் 1938இல் படிகமாகப் பிரிக்கப்பட்டது. அது ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் முழுச் செயலைக் காட்டும் இரண்டு துணை அலகுகளால் ஆனது என்பது பின்னரே தெரிய வந்தது. அடுத்தடுத்த ஃபிராக்‌ஷன்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒருமுறை சோதித்துவிட்டால் இந்த ஐயம் தீரும். அதற்குப் பிறகும் செயல் இல்லையென்றால், வட்ட இருநிறமாலை எடுத்துப் புரதத்தின் மடிப்பு குலைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கருவி உள்ள ஆய்வகத்தை நாடுவதற்கான இடம் இதுவே.

## செயல் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது

செயல் இல்லாமையை விட இது ஆபத்தானது, ஏனெனில் இது மகிழ்ச்சியைத் தரும், மகிழ்ந்தவர் சோதிப்பதில்லை.

புற்றுநோய்ச் செல்களின் மேல் ஒரு ஃபிராக்‌ஷனைப் போட்டதும் அனைத்தும் மடிந்தன என்று ஒருவர் ஓடி வந்தால், நான் முதலில் தட்டைத்தான் பார்ப்பேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஊடகம் அந்தக் குழிகளில் மட்டும் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். சி18இலிருந்து வந்த ஃபிராக்‌ஷனில் தங்கிய அமிலம் ஊடகத்தைப் புளிக்கவைத்திருக்கிறது. செல்களைக் கொன்றது நஞ்சுப் புரதம் அன்று. முகடு எதுவும் இல்லாத வெற்று ஓட்டத்தின் அதே நேரத் துளியை உறைஉலர்த்தி, அதே அளவில் போட்டுப் பாருங்கள். அதுவும் கொன்றால் ஆய்வு அங்கேயே முடிந்தது. நிறம் மாறாமல் செல்கள் மடிந்தால் கேட்டலேஸ் நொதி சேர்த்து மறுபடி செய்யுங்கள். செல்கள் பிழைத்துக்கொண்டால், கலந்து நிற்கும் அமினோ அமில ஆக்சிடேஸ் உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் காரணம்.

பாஸ்போலிப்பேஸ் சோதனையில் கலங்கலை அளப்பவர்கள், பாஸ்பேட் தாங்கலும் கால்சியமும் சந்தித்தால் என்னவாகும் என்பதை மேலே படித்திருப்பீர்கள். நொதியே சேர்க்காத குழியும் கலங்குகிறதா என்று பார்த்து, டிரிஸுக்கு மாறுங்கள். எல்லா ஃபிராக்‌ஷன்களும் சிறிது சிறிது செயல் காட்டினால், முந்தைய ஓட்டத்தின் மிச்சம் பிரிகுழாயிலோ லூப்பிலோ தங்கியிருக்கிறது. இரண்டு ஓட்டங்களுக்கு இடையே வெற்று ஓட்டம் ஒன்று வைத்து, அதன் ஃபிராக்‌ஷன்களையும் சோதியுங்கள். அழற்சி தொடர்பான சோதனைகளில், பாக்டீரியாக்களிலிருந்து வந்து தானே அழற்சியைத் தூண்டும் எண்டோடாக்சினின் அளவு பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது.

## ஜெல்லில் எதிர்பாராத பட்டைகள்

டைசல்பைடு பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோ எத்தனால் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வரிசையாக ஓட்டினீர்களா? பத்தாம் காரணியைத் தூண்டும் புரதம் சேர்க்காத வரிசையில் 93 கிலோடால்டன் அருகே ஒரே பட்டையாகவும், சேர்த்த வரிசையில் சுமார் 58, 19, 16 என மூன்றாகவும் வரும். அது மாசு இல்லை, புரதத்தின் சங்கிலிகள்தான் பிரிந்து தெரிகின்றன. பட்டை கூர்மையாக இல்லாமல் மங்கலாக விரிந்திருந்தால் அதன் மேல் சர்க்கரை இருக்கிறது என்று கொள்ளலாம்.

தூய்மையான ஃபிராக்‌ஷனிலும் ஏணிபோலப் பட்டைகள் இறங்கினால், மாதிரித் தாங்கலைச் சேர்த்துவிட்டு மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மற்றப் புரதங்கள் அந்தத் தாங்கலில் உள்ள எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருளில் விரியும்போது மெட்டலோபுரோட்டியேஸ் இன்னும் சிறிது நேரம் உயிரோடு இருந்து அவற்றை வெட்டும். முதலில் நீரைக் கொதிக்கவைத்துவிட்டு, தாங்கல் சேர்த்த நொடியே டியூப்பை அதில் இறக்குங்கள். ஏணி மறைந்துவிடும்.

7 கிலோடால்டன் அளவுள்ள நல்ல பாம்பு நச்சுகள் வழக்கமான ஜெல்லில் சாயக் கோட்டோடு சேர்ந்து ஓடிவிடும். டிரைசின் ஜெல்லுக்கு மாறுங்கள்.

## புரதம் எங்கோ காணாமல் போகிறது

ஒவ்வொரு படியிலும் 280 நானோமீட்டர் அளவையும் கன அளவையும் பெருக்கிக் கணக்கெழுதுங்கள். எந்தப் படியில் கணக்கு உடைகிறதோ அங்கேதான் தேட வேண்டும். எழுதாதவர் எல்லாப் படிகளிலும் தேட வேண்டியிருக்கும்.

நுண்துளைப் பையில் வைத்து உப்பை வெளியேற்றும் டயாலிசிஸில் கணக்கு உடைந்தால், பையின் துளை அளவைப் பாருங்கள். இதை நானே அனுபவித்திருக்கிறேன். மாணவனாக இருந்தபோது அலமாரியில் இருந்த பைச்சுருளை வெட்டி, நல்ல பாம்பு நஞ்சின் ஃபிராக்‌ஷனை ஊற்றி, இரு முனையையும் முடிந்து, இரண்டு லிட்டர் தாங்கலில் இரவெல்லாம் கலக்கவிட்டேன். மறுநாள் காலையில் பை உப்பி நின்றது, உள்ளே புரதம் ஏறக்குறைய இல்லை. பெட்டியின் ஓரத்தில் 12 முதல் 14 கிலோடால்டன் என்று அச்சிட்டிருந்தது. அதில் பாதி எடையே உள்ள நச்சுகள் அனைத்தும் நான் கழுவுதொட்டியில் கொட்டிய வெளி நீரில் போய்விட்டன. அன்றிலிருந்து வெளி நீரைக் கொட்டும் முன் ஒருமுறை அளக்கிறேன். மூவிரல் நச்சுகளுக்கு 3.5 கிலோடால்டன் பை போதும். சுருட்டை விரியனின் எகிஸ்டாட்டின் போன்று 49 அமினோ அமிலங்களே கொண்டவற்றுக்கு அதைவிடச் சிறிய துளை வேண்டும். டைரோஃபிபான் என்னும் இதய மருந்துக்கு முன்மாதிரியாக இருந்தது இந்தச் சிறு புரதம்தான். பிரேசில் விரியனின் நஞ்சில் இருந்து கேப்டோபிரிலுக்கு வழிகாட்டிய பெப்டைடுகளோ இதனினும் மிகச் சிறியவை, இந்தப் பைகளில் தங்காதவை.

உறைஉலர்த்தலில் கணக்கு உடைந்தால், வெள்ளைப் பஞ்சு பறந்து கருவியின் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டியூப்பின் வாயைத் துளையிட்ட மெழுகுத் தாளால் மூடியிருக்க வேண்டும். நுரைத்து உருகிப் பிசினாகக் கிடந்தால் அசிட்டோநைட்ரைல் நீங்கும் முன் வைத்திருக்கிறீர்கள், அல்லது வெற்றிடம் போதவில்லை. எண்ணெயை மாற்றியும் வெற்றிடம் இறங்காவிட்டால் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

கணக்கே தவறாகவும் இருக்கலாம். புரத அளவை நிறமாற்றத்தால் காட்டும் பிராட்ஃபோர்டு முறையில் மிகச் சிறிய பெப்டைடுகள் தெரியாது. அதே வகையான பிசிஏ முறையில் டைதயோத்ரைட்டால் இருந்தால் இல்லாத புரதமும் தெரியும்.

## நிறை அளவீடு கணக்கோடு ஒத்துவரவில்லை

வேறுபாட்டின் எண்ணைப் பாருங்கள். 16 கூடினால் மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. 22 கூடினால் சோடியம் ஒட்டியிருக்கிறது, உப்பு நீக்கல் போதவில்லை. 114 கூடினால் டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம். டைசல்பைடுகளைத் திறந்து அயோடோஅசிட்டமைடு போட்ட மாதிரியில் சிஸ்டீன் ஒன்றுக்கு 57 கூடும்; அந்தக் கணக்கில் சிஸ்டீன் எண்ணிக்கையையே கண்டுபிடித்துவிடலாம். இந்த எண்கள் எதுவும் பொருந்தாவிட்டால், மாதிரியை நிறைமாலை மையத்துக்கு அனுப்பி, துண்டாக்கி வரிசை படிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை உப்பு நீக்கிவிட்டு அனுப்பினால் செலவு ஒருமுறையோடு முடியும்.

## உறைதல் நேரம் நாளுக்கு ஒன்றாக வருகிறது

பிளாஸ்மாவில் தொடங்குங்கள். 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு என்ற விகிதம் பிறழ்ந்தால் மற்றவை அனைத்தும் பிறழும். பாதி நிரம்பிய டியூப்பில் சிட்ரேட் மிகுந்து, நேரம் நீண்டுவிடும். எடுத்து நான்கு மணி நேரம் கடந்த பிளாஸ்மாவையும், உறையவைத்து இருமுறை உருக்கியதையும் ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடி டியூப், பிளாஸ்டிக் டியூப் இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது. கண்ணாடியின் மேற்பரப்பே உறைதலைத் தொடங்கிவைக்கும்.

பிளாஸ்மா சரியென்றால், எந்த நொதி உறையவைக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கால்சியம் சேர்க்காமல், தூய ஃபைபிரினோஜன் கரைசலில் உங்கள் ஃபிராக்‌ஷனைப் போடுங்கள். அது உறைந்தால் திராம்பின் போன்ற வேறொரு நொதி கலந்திருக்கிறது; உறையாமல், கால்சியம் சேர்த்த பிளாஸ்மாவில் மட்டும் உறைந்தால் ஐந்தாம் அல்லது பத்தாம் காரணி வழியே வேலை நடக்கிறது. அந்த இரண்டையும் பிரித்தறிய, காரணிக் குறைபாடுள்ள பிளாஸ்மாவும் நிறமாறும் அடிமூலக்கூறும் வேண்டும். இவை விலை உயர்ந்தவை. கண்ணாடி விரியன் நஞ்சை அன்றாடம் கையாளும் இரத்தவியல் ஆய்வகங்கள் உண்டு. லூபஸ் எதிருறைவுப் பொருளை (உறைதல் சோதனையின் நேரத்தை நீட்டும் எதிர்ப்பொருள்) கண்டறியும் முக்கியச் சோதனை ஒன்று நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சில்தான் செய்யப்படுகிறது. அத்தகைய ஆய்வகம் ஒன்றில் உள்ளவரிடம் ஒருநாள் மாதிரியோடு போய் அமர்வது, அந்தப் பொருள்களை வாங்கி வைத்துவிட்டு முறை தெரியாமல் வீணாக்குவதைவிட மலிவு.

ஆனால் அதற்கெல்லாம் முன்பாக, நீர்க்குளியலில் ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். எங்கள் குளியலின் முகப்பில் 37 என்று எரிந்துகொண்டிருந்தது. வெப்பமானி 34 காட்டியது. மூன்று வாரத்து உறைதல் நேரங்கள் அனைத்தையும் அன்று குறிப்பேட்டில் குறுக்குக் கோடிட்டு அடித்தோம்.